ராத்திரி ஒன்பது மணி வெளிச்சம்: படுக்கையறைச் சுவருக்கு நிறம் தேர்ந்தெடுப்பது எப்படி

எங்கள் வீட்டுப் படுக்கையறைக்கு நான் முதன்முதலில் தேர்ந்தெடுத்த நிறம் ஒரு பீச். சாயந்திரம் நாலு மணிக்குப் பெயிண்ட் கடை வாசலில், வெயிலில் ஷேட் கார்டைப் பிடித்துப் பார்த்தபோது பழுத்த பப்பாளியில் பால் ஊற்றின மாதிரி அவ்வளவு இதமாக இருந்தது. நாலாம் நாள் ராத்திரி கட்டிலைப் போட்டு, மெத்தையை விரித்து, டியூப் லைட்டைப் போட்டதும் சுவர் நான்கும் சாம்பல் கலந்த ரோஸாக நின்றன. அம்மா நிலைப்படியில் நின்றபடி, "இந்த ரூமுக்குள்ள வந்தா ஏண்டா கண்ணு கூசுது?" என்று கேட்டாள்.

பெயிண்டிலும் குறையில்லை, பெயிண்டர் வேலையிலும் குறையில்லை. நாங்கள் அந்த அறையில் இல்லாத நேரத்தில், அந்த அறையில் இல்லாத வெளிச்சத்தில் நிறத்தைப் பார்த்திருந்தேன். அவ்வளவுதான்.

படுக்கையறையில் நாம் கண் விழித்திருப்பது பெரும்பாலும் ராத்திரி ஒன்பதிலிருந்து பதினொன்று வரை, பிறகு விடியற்காலையில் ஒரு மணி நேரம். அந்த இரண்டு நேரத்துக்கும் ஒத்து வருகிற நிறமே அந்த அறைக்கு நல்ல நிறம். ஆகவே இந்த அத்தியாயத்தில் முதலில் வெளிச்சம், பிறகு நிறம், கடைசியில் சுவர். வரிசையை மாற்ற வேண்டாம்.

முதலில் ஒரு சந்தேகம்

"நம்ம ஊர் வெயிலுக்குக் கதகதப்பான நிறம் அடித்தால் அறை சூடாகாதா?" என்று பலரும் கேட்கிறார்கள். ஆகாது. அறைக்குள் சூடு இறங்குவது மொட்டை மாடியிலிருந்தும், வெயில் படும் வெளிச்சுவரிலிருந்தும். உள்சுவர் சந்தன நிறமா நீலமா என்பதால் நீங்கள் உணரும் அளவுக்குச் சூடு மாறாது. சூட்டைக் குறைக்க வேண்டுமென்றால் மாடித் தளத்துக்கு வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடியுங்கள். உள்ளே மனசுக்குப் பிடித்த நிறத்தைப் பயமில்லாமல் அடிக்கலாம்.

படி 1: அறையை ஒரு நாள் கவனியுங்கள்

கடைக்குப் போகுமுன் ஒரு விடுமுறை நாளில், கையில் நோட்டோடு இந்த நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள்.

1. ஜன்னல் எந்தப் பக்கம்? கிழக்கு ஜன்னல் காலையில் மஞ்சள் வெளிச்சம் தரும், மத்தியானத்துக்கு மேல் மங்கிவிடும். மேற்கு ஜன்னலில் மூன்று மணிக்கு மேல் ஆரஞ்சு வெயில் அடிக்கும். ஏற்கெனவே மஞ்சளாக உள்ள சுவரை அது இன்னும் சிவக்க வைக்கும். அந்த அறைக்கு உங்களுக்குப் பிடித்த நிறத்தின் மிக வெளிறிய சாயலை எடுங்கள். வடக்கு ஜன்னல் வெளிச்சம் சீரானது, கொஞ்சம் நீலச்சாயல் கொண்டது. கதகதப்பான நிறங்களை நன்றாகத் தாங்குவது இந்த அறைதான்.

   நம் ஊருக்கு ஒரு விசேஷம் உண்டு. சென்னையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சூரியன் மத்தியானத்தில் நேர் உச்சிக்கு வரும். இடைப்பட்ட மாதங்களில் மத்தியானச் சூரியன் வடக்குப் பக்கம் சாய்ந்திருக்கும். ஆகவே வடக்கு ஜன்னலை வைகாசி, ஆனி மாதங்களில் பார்ப்பதற்கும் மார்கழியில் பார்ப்பதற்கும் வித்தியாசம் தெரியும். தெற்கு ஜன்னல் இதற்கு நேர் எதிர். மார்கழி வெயில் உள்ளே வெகுதூரம் நீளும். குளிர்நாடுகளுக்கு எழுதிய புத்தகங்களில் "வடக்கு அறைக்கு வெயிலே வராது" என்று இருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

2. ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது? வேப்பமரம் நின்றால் அறைக்குள் பச்சை நிழல் விழும். பக்கத்து வீட்டுச் சுவர் நாலடி தள்ளி ஆரஞ்சு நிறத்தில் நின்றால், பகலில் உங்கள் அறைக்கு வரும் வெளிச்சமும் ஆரஞ்சுதான்.

3. தரை என்ன நிறம்? இதைப் பெரும்பாலானவர்கள் மறந்துவிடுகிறார்கள். பழைய சிவப்பு சிமெண்ட் தரையும் ஆத்தங்குடிக் கல்லும் வெளிச்சத்தைச் சிவப்பாக்கிச் சுவரின் கீழ்ப்பாதியில் தெளிக்கும். வெள்ளை டைல்ஸ் இருக்கிற வெளிச்சத்தை அப்படியே திருப்பி அடிக்கும், சுவர் ஒரு சாயல் வெளிறித் தெரியும்.

4. மாறப்போகாத சாமான்கள் எவை? தேக்குக் கதவு, பீரோ, கட்டில். இவற்றை மாற்றப் போவதில்லை. சுவர்தான் இவற்றோடு ஒத்துப் போக வேண்டும்.

படி 2: பல்பை மாற்றுங்கள்

நிறம் பார்க்கப் போகுமுன் பல்பை மாற்றச் சொல்வது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு யோசனையைத்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்.இ.டி. பல்பு பெட்டியின் மேல் ஓர் எண் அச்சிட்டிருக்கும். 6500 கெல்வின் என்றால் நீலம் கலந்த வெள்ளை. நம் வீடுகளில் அதிகம் எரிவது இதுதான். 4000 நடுத்தரம். 2700 அல்லது 3000 என்றால் பழைய குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சம். கடையில் "வார்ம் ஒயிட்" என்று கேட்டால் தருவார்கள். 6500 வெளிச்சத்தின் கீழ் எந்தக் கதகதப்பான நிறமும் செத்துப்போகும். சந்தனம் சுண்ணாம்பாகும், பீச் சாம்பலாகும். என் அறையில் நடந்தது அதுதான். அது மட்டுமல்ல, நீலம் மிகுந்த வெளிச்சம் ராத்திரியிலும் உடம்புக்கு இன்னும் பகல் என்றே சொல்லும்; தூக்கத்துக்கு உதவும் மெலட்டோனின் சுரப்பது தள்ளிப்போகும்.

செய்ய வேண்டியது:

1. டியூப் லைட்டைக் கழற்ற வேண்டாம். பீரோவில் துணி தேடவும், ஊசியில் நூல் கோக்கவும் அது வேண்டும்.
2. தலைமாட்டுப் பக்கம் 2700 அல்லது 3000 கெல்வின் பல்பு ஒன்றைத் தனி சுவிட்சில் மாட்டுங்கள். பெட்டியில் சி.ஆர்.ஐ. என்ற எண்ணையும் பாருங்கள். 80க்குக் குறையக் கூடாது. 90 கிடைத்தால் நிறங்கள் உள்ளபடி தெரியும்.
3. ஒரு வாரம் ராத்திரி அந்தப் பல்பை மட்டும் போட்டுப் புழங்குங்கள்.

ஒரு பல்பின் விலை ஒரு லிட்டர் பெயிண்டின் விலையைவிடக் குறைவு. இந்த ஒரு வாரத்தில் "இருக்கிற சுவரே போதும்" என்று முடிவெடுத்தவர்களும் உண்டு. அது தோல்வியில்லை, நல்ல முடிவு.

படி 3: ஷேட் கார்டைப் படிக்கும் முறை

"க்ரீம்" என்று ஒரு நிறம் கிடையாது. எலுமிச்சைப் பக்கம் சாய்ந்த க்ரீம் உண்டு, ரோஸ் பக்கம் சாய்ந்தது உண்டு, பழுப்புப் பக்கம் சாய்ந்ததும் உண்டு. கார்டில் ஒரு விரல் அகலத்தில் பார்க்கும்போது மூன்றும் ஒன்றுபோல் இருக்கும். சுவர் முழுக்க அடித்ததும் ஒளிந்திருந்த அடிச்சாயல் வெளியே வரும். அதைக் கடையிலேயே கண்டுபிடிக்க:

1. வெள்ளை ஏ4 தாள் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். நிறத்தை அதன் மேல் வைத்துப் பாருங்கள். வெள்ளைக்குப் பக்கத்தில் அடிச்சாயல் மறைந்திருக்க முடியாது.
2. கார்டின் அதே பட்டையில் கீழே உள்ள மிக அழுத்தமான நிறத்தைப் பாருங்கள். அது கடுகு நிறம் என்றால் மேலே உள்ள வெளிறிய நிறத்துக்குள்ளும் கடுகுதான் இருக்கிறது. அது செங்கல் என்றால் செங்கல்.
3. மூன்று க்ரீம்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். தனியாகப் பார்த்தால் கண் ஏமாறும்.
4. மூன்று நிறங்களுக்கு மேல் வீட்டுக்கு எடுத்து வராதீர்கள்.

கார்டின் பின்புறத்திலோ நிறுவனத்தின் நிறப் புத்தகத்திலோ எல்.ஆர்.வி. என்று ஓர் எண் இருந்தால் கேட்டுப் பாருங்கள். சுவர் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தரும் என்பதன் அளவு அது. 0 என்றால் கறுப்பு, 100 என்றால் முழு வெள்ளை. படுக்கையறைக்கு 60க்கும் 75க்கும் நடுவில் இருப்பது என் அனுபவத்தில் சரியாக வருகிறது. 80ஐத் தாண்டினால் வெள்ளைச் சுவர்போல் கூசும். தலைமாட்டுச் சுவர் ஒன்றை மட்டும் அழுத்தமாக அடிக்க ஆசை என்றால் 35 வரை இறங்கலாம்.

*குறிப்பு:* கடைக்காரரிடம் இன்னொன்றும் கேளுங்கள். கலர் கலக்கும் மெஷினின் திரையில் எந்தச் சாயம் எத்தனை மில்லி சேர்கிறது என்று வரும். மஞ்சள் ஆக்சைடு, சிவப்பு ஆக்சைடு கலந்து வரும் நிறங்கள் சுவரில் நிலைத்து நிற்கும். இவை இரும்பு ஆக்சைடுகள், அதாவது காவிமண்ணின் நிறத்துக்குக் காரணமான அதே பொருள். வெயிலுக்கும் சிமெண்டின் காரத்துக்கும் அசையாது. பளீரென்ற எலுமிச்சை மஞ்சளும் பளீர் சிவப்பும் வேறு வகைச் சாயத்தில் வருபவை. அவற்றில் பல அடியில் இருக்கும் நிறத்தை எளிதில் மறைக்காது. இரண்டு கோட்டில் முடிய வேண்டியது மூன்று, நான்கு என்று இழுக்கும்.

படி 4: அட்டைச் சோதனை

இங்கேதான் நிதானம் வேண்டும். மூன்று நாள் ஆகும். அந்த மூன்று நாளைச் சுருக்கினவர்கள் மூன்று வருடம் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

தேர்ந்தெடுத்த மூன்று நிறத்திலும் மிகச் சிறிய அளவு டப்பா வாங்குங்கள். பல நிறுவனங்கள் சாம்பிளர் என்று சிறு டப்பா விற்கின்றன. ஸ்டேஷனரி கடையில் ஆறு கெட்டி வெள்ளை சார்ட் அட்டை வாங்கிக்கொள்ளுங்கள், நிறத்துக்கு இரண்டு.

1. அட்டையின் நான்கு ஓரத்திலும் ஓர் அங்குலம் வெள்ளை விட்டு, நடுவில் இரண்டு கோட் அடியுங்கள். முதல் கோட் நன்றாகக் காய்ந்த பிறகே இரண்டாவது. ஈரத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எமல்ஷன் காய்ந்தால் ஒரு சாயல் அழுத்தமாகும்.
2. சுவரிலேயே நேராக அடித்துப் பார்க்க வேண்டாம். பக்கத்தில் இருக்கும் பழைய நிறம் கண்ணை ஏமாற்றும். பழைய சுவர் நீலமாக இருந்தால் எந்த க்ரீமும் அதன் நடுவில் ஆரஞ்சாகத் தெரியும். அட்டையின் வெள்ளை ஓரம் இந்த ஏமாற்றைத் தடுக்கும்.
3. ஒரே நிறத்தின் இரண்டு அட்டையையும் அறை மூலையில், இரு சுவருக்கும் ஒவ்வொன்றாக, ஓரங்கள் தொடும்படி டேப் போட்டு ஒட்டுங்கள். ஒன்றின் நிறம் மற்றதில் பட்டு மூலைப்பக்கம் அழுத்தமாவதைப் பார்ப்பீர்கள். நான்கு சுவரும் அடித்த பிறகு அறை முழுக்க இதுதான் நடக்கும். அதனால் மனசுக்குப் பிடித்த நிறத்தைவிட ஒரு படி வெளிறியதை வாங்குவது நல்லது.
4. காலை ஆறு, மத்தியானம் ஒன்று, சாயந்திரம் ஐந்து, ராத்திரி ஒன்பது. நான்கு நேரமும் பாருங்கள். ராத்திரி புதுப் பல்பில் ஒரு முறை, டியூப் லைட்டில் ஒரு முறை.
5. ராத்திரி பார்க்கும்போது நின்றபடி பார்க்காதீர்கள். கட்டிலில் படுத்துப் பாருங்கள். தலைமாட்டுச் சுவரை நீங்கள் பார்க்கப் போவதே இல்லை. கால்மாட்டுச் சுவரும் சீலிங்கும்தான் உங்கள் கண்ணுக்கு முன்னால் இருக்கும். அட்டையைக் கால்மாட்டுச் சுவருக்கு மாற்றுங்கள்.
6. பார்த்தவுடன் முதலில் தோன்றும் வார்த்தையை அட்டையின் பின்னால் நேரத்தோடு எழுதுங்கள். "பச்சை அடிக்கிறது", "மங்கல்", "நல்லாருக்கு". யோசித்து எழுத வேண்டாம்.

என் இரண்டாவது முயற்சியில் எழுதின அட்டை இன்னும் பீரோவின் மேல் கிடக்கிறது. பால் அதிகம் விட்ட டீ போன்ற நிறம். பின்பக்கத்தில், "காலை 6: அழுக்கு. மத்தியானம்: பரவாயில்லை. 5: நல்லா. ராத்திரி 9: தூக்கம் வருது." காலை வார்த்தையை விட்டுவிட்டு ராத்திரி வார்த்தையை நம்பினேன். இன்றுவரை அந்தச் சுவர்தான்.

வீட்டில் அந்த அறையில் படுக்கப் போகிறவர் யாரோ அவரையும் எழுதச் சொல்லுங்கள். பெரியவர்கள் என்றால் இன்னும் அவசியம். வயதாக ஆக கண்ணின் லென்ஸ் மஞ்சளித்துப் போகும். கண்புரை ஆபரேஷன் ஆனதும் அந்த மஞ்சள் திரை விலகிவிடும். அம்மாவுக்கு ஒரு கண்ணில் ஆபரேஷன் முடிந்த மறுவாரம், ஒரு கண்ணை மூடி மூடிச் சுவரைப் பார்த்துவிட்டு, "இந்தக் கண்ணுல பார்த்தா நீலம் போட்டு வெளுத்த வேட்டி மாதிரி இருக்குடா, அந்தக் கண்ணுல பார்த்தா பழைய வேட்டி" என்றாள். ஆபரேஷன் ஆகப் போகிறது என்றால் அது முடிந்த பிறகு நிறம் பார்க்க உட்காருங்கள். பெரியவர்கள் அறையில் சுவருக்கும் கதவு நிலைக்கும் சுவிட்ச் போர்டுக்கும் நிற வித்தியாசம் தெளிவாக இருக்கட்டும். எல்லாம் ஒரே க்ரீமாக இருந்தால் நடுராத்திரியில் எழுந்து சுவரைத் தடவ வேண்டியிருக்கும்.

எந்த நிறங்கள் ஒத்து வருகின்றன

கார்டில் உள்ள ஆங்கிலப் பெயர்களை நம்பித் தேடாதீர்கள். கடைக்குக் கடை மாறும். வீட்டில் உள்ள பொருளை மனதில் வைத்துத் தேடுங்கள்.

*கோரைப்பாய் நிறம்.* என் முதல் சிபாரிசு இதுதான். பத்தமடைப் பாயில் சாயம் ஏற்றாத இடத்தைப் பாருங்கள். வைக்கோல் மஞ்சள், அதற்குள் துளிப் பச்சை, மேலே லேசான மங்கல். பகலில் அமைதியாக இருக்கும், வார்ம் ஒயிட் பல்பில் தேன் பூசின மாதிரி ஆகும். தேக்கு மரத்தோடும் நீலப் போர்வையோடும் சண்டை போடாது.

*அரைத்த சந்தனம்.* கல்லில் இழைத்த சந்தனத்தின் நிறம், கடையில் சந்தன நிறம் என்று விற்கும் ஆரஞ்சு மஞ்சள் அல்ல. வடக்கு, கிழக்கு அறைகளுக்கு.

*பால் டீ, காய்ந்த களிமண்.* பழுப்பில் லேசாகச் சிவப்பு. வெள்ளை டைல்ஸ் தரை உள்ள புது அடுக்குமாடி வீடுகளில் அறைக்கு ஒரு கனம் கொடுக்கும். சிவப்பு சிமெண்ட் தரை இருந்தால் தவிர்த்துவிடுங்கள், அறையே செங்கல் சூளையாகத் தெரியும்.

*புது மண்பானை.* தலைமாட்டுச் சுவருக்கு மட்டும்.

பீச் நிறத்தை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. ஆனால் பல்புக்கு மிக அதிகமாக ஆடும் நிறம் அதுதான். டியூப் லைட்டை விட முடியாத வீட்டில் வேண்டாம். சாமந்தி மஞ்சள், பப்பாளி ஆரஞ்சு, குங்குமச் சிவப்பு எல்லாம் கூடத்துக்கும் வாசலுக்கும் அழகு. படுத்துக்கொண்டு பார்க்கும் சுவருக்கு உதவாது.

சீலிங்கை நீலம் கலந்த வெள்ளையில் அடித்தால் கீழே உள்ள நிறம் அழுக்காகத் தெரியும். துளி மஞ்சள் கலந்த வெள்ளையைக் கேளுங்கள்.

மேட்டா, ஷீனா?

மினுமினுப்பில்லாத மேட் பூச்சு வெளிச்சத்தை மென்மையாக்கும். பட்டி சரியில்லாத மேடு பள்ளங்களையும் மறைக்கும். படுக்கையறைக்கு அதுவே நல்லது. ஒரே ஒரு சங்கடம் தலைமாடு. தேங்காயெண்ணெய் தேய்த்த தலையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்தால் ஆறே மாதத்தில் தட்டளவு கறுப்பு வட்டம் விழும். மேட் பூச்சில் அதைத் துடைத்தால் துடைத்த இடம் பளபளக்கும். தலைமாட்டுச் சுவரை மட்டும் அதே நிறத்தில், துடைக்கக்கூடிய லேசான ஷீன் பூச்சாக வாங்குங்கள். அல்லது கட்டிலுக்கு உயரமான தலைப்பலகை போடுங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

* ஸ்டெய்னர் டியூபை வாங்கிப் பக்கெட்டில் கண் மதிப்பில் கலக்குவது. முதல் பக்கெட் தீர்ந்தால் அதே நிறம் இனி வராது. மெஷினில் கலக்கி, நிறத்தின் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.
* இரண்டு டின் வாங்கி ஒன்று தீர்ந்த பிறகு மற்றதைத் திறப்பது. இரண்டையும் பெரிய பக்கெட்டில் ஒன்றாகக் கலந்துவிட்டு ஆரம்பியுங்கள். மெஷின் கலவையிலும் மயிரிழை வித்தியாசம் வரும், சுவரின் நடுவில் அது தெரியும்.
* தண்ணீரை அதிகம் கலப்பது. டின்னில் எழுதியுள்ள அளவைத் தாண்டினால் நிறம் திட்டுத் திட்டாக நிற்கும். அளக்கும் போது பக்கத்தில் நில்லுங்கள்.
* கைபேசித் திரையில் பார்த்து நிறம் முடிவு செய்வது. திரை தானே வெளிச்சம் விடுகிறது, சுவர் விடுவதில்லை.

எவ்வளவு வாங்க வேண்டும்

12க்கு 10 அடி அறை, உயரம் 10 அடி என்று வைத்துக்கொள்வோம். நான்கு சுவரின் சுற்றளவு 44 அடி. 44 × 10 = 440 சதுர அடி. கதவு 3 × 7 = 21, ஜன்னல் 4 × 4 = 16, இரண்டையும் கழித்தால் 403. பட்டி பார்த்து பிரைமர் அடித்த சுவரில் ஒரு லிட்டர் எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு ஏறக்குறைய 120 சதுர அடி வரும் என்று கணக்கிட்டால் மூன்றரை லிட்டருக்குள் முடியும். ஒரு நாலு லிட்டர் டின் போதும். மிச்சம் அரை லிட்டர் அவசியம் மிஞ்ச வேண்டும். எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

சுவர் தயாரா?

பொங்கலுக்கு வெள்ளை அடிப்பது நம் வழக்கம். ஆனால் வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் ஊற்றி முடித்த சுவர் மார்கழியில் இன்னும் உள்ளுக்குள் ஈரமாக இருக்கலாம். அவசரப்பட்டு அடித்த எமல்ஷன் சித்திரையில் கொப்புளம் கொப்புளமாக உரியும், உப்புப் பூக்கும். வெளிச்சுவரில் மழை படும் அறை என்றால் மாசி, பங்குனி வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஈரம் பார்க்க: ஓர் அடிச் சதுர பாலிதீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் முழுக்க விடுங்கள். உள்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தால் சுவர் தயாரில்லை. ஒழுகும் குழாய், விரிசல், மாடி ஒழுகல் எதுவாக இருந்தாலும் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். புதிதாகப் பூசிய சிமெண்ட் சுவர் என்றால் குறைந்தது 28 நாள்.

அடிக்கும் நாள்

1. சாமான்களை வெளியேற்றுங்கள், முடியாததை நடுவில் தள்ளி மூடுங்கள். சுவிட்ச் போர்டைத் திறக்கப் போகிறீர்கள் என்றால் மெயினை அணைத்த பிறகே.
2. பழைய சுண்ணாம்பு, டிஸ்டெம்பர் இருந்தால் சுரண்டி எடுங்கள். கையால் தடவினால் மாவாக ஒட்டும் சுவரில் எதுவும் நிற்காது.
3. பட்டி, உப்புத்தாள் தேய்ப்பு, தூசி துடைப்பு, பிரைமர். ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்தது. பட்டி தேய்க்கும்போது பறக்கும் மாவு நுரையீரலுக்குள் போகும் அளவுக்கு நுண்மையானது. துண்டு கட்டினால் போதாது. என்95 முகக்கவசம் உங்களுக்கும் வேண்டும், பெயிண்டருக்கும் வேண்டும். வாங்கிக் கொடுங்கள்.
4. முதலில் சீலிங். பிறகு மூலைகளிலும் ஓரங்களிலும் பிரஷ். கடைசியில் ரோலரால் மேலிருந்து கீழே. ஓரம் காயுமுன் ரோலர் அதைத் தொட வேண்டும், இல்லையென்றால் கோடு விழும்.
5. இரண்டு கோட்டுக்கு நடுவில் நாலிலிருந்து ஆறு மணி நேரம். மழை நாளில் இன்னும் அதிகம்.

கவனம்: பழைய பெயிண்டில் ஈயம்

வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம். அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி 2016ல் வெளியாகி, 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் கதவு, ஜன்னல் கம்பி, சுவரின் கீழ்ப்பட்டையில் அடித்த எண்ணெய்ப் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அதை உலர்வாகத் தேய்க்காதீர்கள், நெருப்பு காட்டி உரிக்காதீர்கள். தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளைப் பயன்படுத்தி, விழுந்த தூளை ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள், பெருக்க வேண்டாம். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த நாட்களில் வீட்டிலேயே இல்லாமல் இருப்பது உத்தமம்.

ஏணி போடும்போது ஃபேன் சுவிட்சின் மேல் டேப் ஒட்டுங்கள். ஏணியில் ஆள் நிற்கும்போது பழக்கத்தில் கை போய் ஃபேனைப் போட்டுவிடும். டைல்ஸ் தரையில் ரப்பர் கால் இல்லாத ஏணி வழுக்கும். ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும்.

கடைசிக் கோட் முடிந்த பிறகு ஜன்னல்களைத் திறந்து வைத்து, மூன்று ராத்திரி வேறு அறையில் படுங்கள். வாடை போன பிறகும் கட்டிலைச் சுவரோடு ஒட்டாமல் நாலு விரல் தள்ளிப் போடுங்கள். மிச்சப் பெயிண்டைச் சாக்கடையில் ஊற்ற வேண்டாம்.

அந்த அரை லிட்டர்

மிச்சத்தைச் சிறிய, இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் மாற்றி, மேலே நிறத்தின் எண், பூச்சு வகை, கடைப் பெயர், அடித்த தேதி நான்கையும் அழியாத மையால் எழுதுங்கள். வெயில் படாத இடத்தில் வையுங்கள். ஆணி பிடுங்கிய ஓட்டைக்கும், கட்டில் உரசிய தடத்துக்கும் அது உதவும். தலைமாட்டில் எண்ணெய்க் கறை பட்டால் மட்டும் அதன் மேல் நேராக அடிக்காதீர்கள். எண்ணெய் புதுப் பூச்சையும் துளைத்து மேலே வரும். சோப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சால் ஒற்றி எடுத்து, காயவிட்டு, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, கறையை அடைக்கும் பிரைமர் ஒரு கோட் அடித்து, அதன் பிறகு சிறு ரோலரால் தொடுங்கள். பிரஷ் தடம் ராத்திரி பல்பு வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது தெரிந்துவிடும்.